பீரோவில் இருக்கும் உயிலை எடுத்துப் பார்த்தீர்களா?

மார்ச் மாதம் முடிந்தால் இருப்பு எடுக்காத கடைக்காரர் நம்மில் கிடையாது. மூட்டைகளை எண்ணுகிறோம், பற்று வரவு பார்க்கிறோம், வராத பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம். என்றைக்கோ எழுதிப் பீரோவில் வைத்த உயிலை மட்டும் யாரும் வெளியே எடுப்பதில்லை.

தேவதானத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சுயமாகச் சம்பாதித்த சொத்து. 2004-இல் உயில் எழுதினார். கடைக் கட்டிடம் மூத்த மகனுக்கு; ராஜபாளையத்தில் வாங்கிய மனை இளைய மகனுக்கு; மகளுக்குக் கல்யாணத்திலேயே செய்தாயிற்று. பிறகு மொத்த வியாபாரியின் பாக்கியை அடைக்க மனையை விற்றார். மூத்தவர் திருப்பூரில் தொழில் பார்க்கப் போனார். கல்லாவில் நின்றது இளையவர். மகளோ கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பினார். அவர் இன்று கண்மூடினால் கடை மூத்தவருக்கே. விற்ற மனைக்கு ஈடாக இளையவருக்கு வேறு எதுவும் வராது. உயிலில் சொல்லாத பணமும் சரக்கும் மட்டுமே எல்லா வாரிசுகளுக்கும் பங்காகும். தகப்பனார் மனதில் நினைத்தது இதுவா?

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடும் தெளிந்த புத்தியோடும் இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், ரத்து செய்யலாம். 'இனி மாற்றமாட்டேன்' என்று எழுதியிருந்தாலும் அது தடையாகாது.

மாற்றும் முறையில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். பேரேட்டில் தப்பாக விழுந்த தொகையை அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுவது நமக்குப் பழக்கம். உயிலில் அப்படிச் செய்தால் செல்லாது. திருத்தத்தின் அருகே உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். சிறு மாற்றத்துக்கு இணைப்பு உயில் எழுதலாம். அதற்கும் இரண்டு சாட்சிகள். மேலே சொன்ன கடைக்காரரைப் போல நிலைமையே மாறியிருந்தால் புதிய உயிலே நல்லது. இன்ன தேதியில் எழுதிய உயிலையும் முந்தைய எல்லா உயில்களையும் ரத்து செய்வதாக அதன் தொடக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்துப் படித்து, முரண்படாத பகுதி பழையதிலும் செல்லும் என்று வாதம் கிளம்பும்.

கிழித்துப் போட்டாலும் ரத்துதான். ஆனால் ரத்து செய்யும் எண்ணத்தோடு நீங்களே கிழிக்க வேண்டும், அல்லது உங்கள் சொற்படி உங்கள் முன்னிலையில் ஒருவர் கிழிக்க வேண்டும். ஜெராக்ஸைக் கிழித்துப் பயனில்லை. பதிவு செய்த உயிலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். ஆகவே ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்வதே பத்திரம். பதிவு கட்டாயமில்லை, பதிவாகாத பிந்தைய உயில்கூடப் பதிவான முந்தைய உயிலை மாற்றிவிடும். இன்னொன்று: புதியதைக் கிழித்தால் பழையது தானாக உயிர்பெறாது.

கிறிஸ்தவ வணிகர்கள் கவனிக்க: உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படியில்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்.

எழுதியவரின் மனமாற்றம் வெளியாருக்குப் புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா பிர்லா குடும்பமே சாட்சி. எம்.பி. பிர்லாவும் மனைவி பிரியம்வதாவும் 1982-இல் எழுதிய உயில்கள் சொத்தைத் தர்மகாரியங்களுக்கு விட்டன. கணவர் 1990-இல் மறைந்தார். அம்மையார் 1999-இல் ஆடிட்டர் ஆர்.எஸ். லோதாவுக்கு எல்லாம் சேரும்படி புதிய உயில் எழுதினார். 2004-இல் அவர் மறைந்ததும் தொடங்கிய வழக்கு, 2008-இல் லோதா இறந்த பின்பும் ஓயவில்லை.

எனவே ஒருவருக்குக் குறைத்து மற்றவருக்குக் கூட்டினால் காரணத்தை உயிலிலேயே இரண்டு வரி எழுதுங்கள். முதுமையில் மாற்றுகிறவர்கள் டாக்டர் சான்றும் வாங்கி வைப்பது நல்லது.

சிலர் உயிலுக்குப் பதில் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உயிலைப் போல அதை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்திருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் ஒரு வழியுண்டு.

சாட்சிகளாக உங்களைவிட இளையவர்களை, உள்ளூரிலேயே இருப்பவர்களை, சொத்தில் பங்கில்லாதவர்களைப் பாருங்கள். ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும்.