பாலத்துக்கு அக்கரை – 14: நத்தார் வந்த வழி

போன வாரம் முகத்துவாரம் வெட்டுகிற கதையோடு நிறுத்தியிருந்தேன். மணல் திட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும். வயலும் தெருவும் தப்பும். அந்த வேலைக்கு அவசரம் வருவது மாரியில். மட்டக்களப்பில் மார்கழி என்றால் வாடைக்காற்று, நாள்கணக்கில் விடாத மழை, கொடியிலேயே மணக்கத் தொடங்கும் துணி. கல்லடிப் பாலத்தில் குடை பிடித்து நடக்க நினைப்பவர் புதிதாக ஊருக்கு வந்தவர். இந்த ஈரத்துக்குள்தான் நத்தாரும் வருகிறது.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் 'நத்தார்' என்ற சொல்லை முதலில் கேட்டபோது, யாரோ ஒரு புனிதரின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸைத்தான் சொல்கிறோம் என்றதும் சிரித்தார். போர்த்துக்கேய மொழியில் அந்தப் பண்டிகைக்கு 'நத்தால்' என்று பெயர். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், பத்தே வருடத்தில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய சொற்கள் இலங்கைத் தமிழில் குடியேறிவிட்டன. கதிரை, மேசை, அலுமாரி, துவாய், சப்பாத்து, பாண், குசினி எல்லாம் அந்த வழி வந்தவை. கந்தோர் மட்டும் ஒல்லாந்தர் தந்தது. அதற்குள் காத்துக்கிடக்கும் கலையை நாமாகவே வளர்த்துக்கொண்டோம்.

ஆட்களும் இருந்துவிட்டார்கள். பறங்கியர் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சனம் ரொசைரோ என்றும் பர்த்தலோட் என்றும் அவுட்ஸ்கோர்ன் என்றும் பெயர் சுமந்து, தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், மெக்கானிக் வேலை என்று கைத்தொழில்களில் ஊன்றிக்கொண்டது. டச்பார் என்ற கரையில் எனக்குத் தெரிந்த வீடு ஒரு தச்சருடையது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே, மணலில் கால் புதைய நடந்து போகவேண்டும். மரியாளும் சூசையப்பரும் இருந்த பாலன் குடிலுக்குப் பக்கத்தில், வாளியில் மணல் நிரப்பி நட்ட சவுக்குக் கொப்பு நிற்கும். பனிக்குப் பதில் அதில் பஞ்சு.

நத்தார் அன்று அந்த வீட்டு அன்ரி ஒரு தட்டு நிறையக் கேக்கும் கொக்கிசும் தருவார். "இந்தா மனே, கவனமாக் கொண்டு போ. தட்டு இப்ப வேணாம், பொங்கலுக்கு வரட்டும்" என்பார். தட்டை வெறுமையாகத் திருப்புவது எங்கள் வீட்டிலும் வழக்கமில்லை. மூன்று வாரம் கழித்துப் பொங்கலோடும் வாழைப்பழத்தோடும் அதே தட்டு டச்பாருக்குப் போகும். அந்தக் கொக்கிசும் 'குக்கியெஸ்' என்ற ஒல்லாந்துச் சொல்லின் பேரப்பிள்ளைதான்.

அவர்கள் வீட்டுக்குள் போர்த்துக்கேயத்தில் பேசியது கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் யாரோ தமிழில் பேசுவது போலவே இருக்கும். காரணம் பின்னாளில்தான் தெரிந்தது. போர்த்துக்கல்லில் 'பாரா' என்ற சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். மட்டக்களப்பில் அது 'ப' என்று தேய்ந்து, நம்முடைய 'கு' உருபைப்போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. வினைச்சொல்லும் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் இங்கே தங்கி அந்தப் பேச்சை ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ வந்து பதிவு செய்தார். நானூறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்து, தங்கள் இலக்கணத்தையே எங்கள் இலக்கணமாக்கிக்கொண்டவர்களை இன்னும் 'வந்தவர்கள்' என்று சொல்வது எனக்கு ஒப்பாது.

போனவர்களும் உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் ஆங்கிலத்தை நம்பி உத்தியோகம் பார்த்த பறங்கிக் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. அங்கே அப்போது வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை. வம்சமும் தோல் நிறமும் பார்த்துத்தான் கதவு திறந்தது. கொழும்பிலே 1908இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கம் எழுதிவைத்த வம்சாவளிகள் சிலருக்குக் கைகொடுத்தன. டச்பார்த் தச்சருக்கு அப்படியொரு கடுதாசியும் இல்லை, நிறமும் இல்லை. 1973இல் அந்தக் கொள்கை ஒழிந்த பிறகு இங்கிருந்தும் சிலர் போனார்கள். மெல்பேர்ணில் நத்தார் வருவது கொதிக்கும் கோடையில். மழையில்லாத நத்தார் நத்தாரே இல்லை என்று அங்கிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். இங்கே ஓட்டு வீட்டில் ஏழு இடத்தில் பாத்திரம் வைத்துக் கொண்டாடிய பண்டிகைக்கு அப்படியொரு ஏக்கம்!

2004ஆம் ஆண்டு மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. முதல் நாள் கட்டிய கடதாசித் தோரணங்கள் இறங்கியிருக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்பின்னாகக் கடல் வந்தது. நாவலடியும் டச்பாரும் திருச்செந்தூர்ப் பக்கமும் சில நிமிடங்களில் வெறும் மணலாயின. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தபடி நின்றது. நத்தாருக்கென்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு வந்திருந்தவர்களும் போனார்கள். அந்தத் தச்சர் வீட்டில் அத்திவாரம் மிஞ்சியது. அதில் நின்றபோது குடில் இருந்த மூலை எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

தப்பியவர்களில் பலர் கடலுக்கு எட்டப் பனிச்சையடியில் வீடு பெற்றுப் போனார்கள். நல்ல வீடுகள்தான். ஆனால் அந்த மொழியை வாய்நிறையப் பேசிய முதியவர்களில் பலர் அந்தக் காலையோடு இல்லை. மிஞ்சிய வீடுகளில் பிள்ளைகள் தமிழில்தான் சண்டை பிடிக்கிறார்கள். கல்யாண வீட்டில் வயலின் எடுத்தால் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குக் கால்கள் இன்னும் எழும்புகின்றன. பாட்டின் சொற்கள் எல்லோருக்கும் தெரியாது. இப்போது கல்லடியில் நத்தார் இரண்டு நாள். 25ஆம் திகதி திருப்பலியும் கேக்கும். 26ஆம் திகதி காலை கடற்கரையில் மெழுகுதிரி. காற்று அணைத்துக்கொண்டே இருக்கும், ஏற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மெல்பேர்ணிலும் பிறிஸ்பேனிலும் இருந்து இத்தொடரை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கல்யாண வீட்டுக் கசற், அப்பாச்சி பாடிய பாட்டு, கையால் எழுதிய கொப்பி ஏதாவது உங்கள் பெட்டிகளில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்துப் பனிச்சையடியில் உள்ள உங்கள் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த நத்தாருக்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது.