சித்திரையில் நிற்கும் மாடு

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள சிராவயலில், தைத் திங்களில் நடைபெறும் மஞ்சுவிரட்டைக் காணத் திரளும் ஜனங்கள், பொட்டலில் பாய்ந்து மறையும் காளையின் வேகத்தையும் கொம்பையும் பற்றி வருஷம் முழுதும் பேசுவார்களேயன்றி, அந்தக் காளை எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடமும் அதுவன்று. ஆனால் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கரும், ஒரு வைக்கோற்போரும், நாலு மாடும் வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு, எந்த இனத்தை வளர்ப்பது, அது எத்தனை எடை வைக்கும், கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்பவை வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்விகளாகும்.

மேல்நாடுகளைப் போல இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் வழக்கம் நம் பிரதேசத்தில் இல்லை. உழவிலும் வண்டியிலும் பாலிலும் எருவிலும் தன் கடனைத் தீர்த்து ஓய்ந்ததே அடிமாடாகச் சந்தைக்குப் போகிறது. பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, தீராத ஊனத்தால் முடங்கியது என்றோ சான்று பெற்ற பிராணியை அறுப்பதற்கே 1958ஆம் ஆண்டின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. எனவே இங்கே எடை என்பது ஒரு மாட்டின் ஆயுட்காலக் கணக்கில் கடைசி வரிதான். முந்தைய வரிகளைப் பார்க்காமல் அதை மட்டும் படிப்பவர் ஏமாந்து போவார்.

இருப்பினும் எடையை அறிந்துவைப்பது பிரயோஜனமானது. அதற்குத் தராசு தேவையில்லை, தையற்காரரின் அளவுநாடா போதும். காலையில் தண்ணீர் காட்டுமுன், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த அங்குலத்தை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தட்டு எலும்பின் நுனிவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் சரீர எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைத்துவிடும். நெஞ்சுச் சுற்றளவு 60 அங்குலமும் நீளம் 50 அங்குலமும் உள்ள பசு 270 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். சந்தையில் துண்டை மூடி விரல் பிடித்து விலை பேசும் தரகர் பல்லையும் பார்ப்பார், சுழியையும் பார்ப்பார். இரண்டு பல் போட்டது இரண்டு, இரண்டரை வயதென்றும், கடை சேர்ந்தது ஐந்தை ஒட்டியதென்றும் சொல்வதில் சாஸ்திரம் இருக்கிறது. சுழியில் அப்படி ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இனி, எடை கூடிய மாடே உயர்ந்த மாடா என்று பார்ப்போம். பிராணியின் உடல் பெருக்கும் விகிதத்தில் அதன் ஆகாரத் தேவை பெருகுவதில்லை, ஏறத்தாழ எடையின் முக்கால் அடுக்காகவே பெருகுகிறது என்று மாக்ஸ் கிளைபர் என்னும் விஞ்ஞானி 1932இல் காட்டினார். அதன்படி 600 கிலோ மாடு 250 கிலோ மாட்டைப் போல 2.4 மடங்கு பெரிதாயினும், சும்மா நிற்பதற்கு அது கேட்கும் தீனி சுமார் 1.9 மடங்குதான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெரிய மாடே சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வைக்கோற்போர் மாட்டுக்காக வளர்வதில்லையே! ஒரு பெரிய மாட்டை நிறுத்தும் தீனியில் ஏறக்குறைய இரண்டு சிறிய பசுக்களை நிறுத்தலாம். அவை இரண்டு கன்று ஈனலாம். ஒன்று நோயில் போனால் மற்றொன்று எஞ்சும். பெரியது போனால் முதலே போயிற்று.

அந்தத் தீனியின் தரமும் கவனிக்கத்தக்கது. செம்மண்ணும் சரளையுமான செட்டிநாட்டில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விளையும் ஒருபோக நெல்லின் வைக்கோல்தான் கோடைக்குச் சேமிப்பு. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்கு மேல் தேறாது. மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கோ, தீனியில் ஏழு பங்காவது புரதம் இல்லாவிட்டால் வேலை ஓடாது. ஜீரணம் மந்தித்து, போர் நிறைய வைக்கோல் இருக்கும்போதே மாடு மெலியும். கடலைக்கொடியும் அகத்தியும் ஒரு பிடி புண்ணாக்கும் சேர்ப்பது இதனால்தான். இரத்தத்திலுள்ள யூரியாவை உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் அந்த நுண்ணுயிர்களுக்கே திருப்பித் தரும் வழி எல்லா மாட்டுக்கும் உண்டெனினும், திமிலுள்ள நம் நாட்டு மாடுகள் அதில் கூடுதல் சாமர்த்தியம் உடையவை. வேர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோல் தளர்ந்தது, மயிர் குட்டை, உடலுக்குள் பிறக்கும் உஷ்ணமும் குறைவு. ஆகையால் உச்சி வெயிலிலும் மேய்ச்சலை விடுவதில்லை.

ஜெர்சிக் கலப்பினம் பாலுக்கு நிகரற்றது. அதைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும் அதற்கு நிழலும் பசுந்தீவனமும் உண்ணி மருந்தும் வேண்டும். கோமாரி வந்தால் நாட்டு மாட்டைக் காட்டிலும் கடுமையாகச் சாய்ந்துவிடும். அதன் காளைக்கன்றை வாங்குவாரும் அரிது. காங்கேயம் உழவுக்கும் பாரத்துக்கும் கம்பீரமானது; கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாகும் அழகும் அதற்குண்டு; ஆனால் அதை உருவாக்கியது கொங்கு நாட்டின் வேலியடைத்த கொழுக்கட்டைப்புல் காடு. உம்பளாச்சேரி டெல்டாச் சேற்றுக்கு ஏற்றது. இந்த மண்ணுக்கு உரியது, சிவகங்கைச் சீமைக் கிராமம் ஒன்றின் பெயரைத் தாங்கிய புலிக்குளம் மாடு. சிறிய, இறுகிய உடல், சுருங்கிய மடி, மருண்ட பார்வை. மானாமதுரையில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் நடைபெறுகிறது.

நாட்டு மாடு எடை வைக்காது என்பாருக்கு ஒரு திருஷ்டாந்தம். சென்ற நூற்றாண்டுகளில் ஆந்திரக் கரையிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய ஓங்கோல் மாடுகளின் வம்சம், நெலோரி என்ற பெயரில் அந்நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதியாகப் பெருகியிருக்கிறது. அவ்வினத்தைச் சேர்ந்த வியாட்டினா-19 என்ற பசு 1,101 கிலோ எடையுடையது, 2023இல் அதன் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அங்கே தலைமுறை தலைமுறையாக எடையைப் பார்த்துப் பொலிகாளையைத் தேர்ந்தார்கள்; மழையும் புல்லும் குறைவின்றிக் கிடைத்தன. நாம் ஓட்டத்தையும் சீற்றத்தையும் பார்த்துத் தேர்ந்தோம், அவை கிடைத்தன. 2014இல் ஜல்லிக்கட்டு தடைப்பட்டபோது காளைக்கன்றுகளை வைத்துக்கொள்ளக் காரணமில்லாமல் போயிற்று என்று வளர்ப்போர் முறையிட்டது இதனால்தான். 2017இல் சட்டத் திருத்தம் வந்த பின்பே அந்தக் கவலை தணிந்தது.

புலிக்குளம் மாட்டின் உண்மையான வருமானம் பாலிலுமில்லை, கறியிலுமில்லை, கிடையில் இருக்கிறது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்தபின், பங்குனி தொடங்கி ஆடி உழவுவரை, கிடைகாரர்கள் நூற்றுக்கணக்கான மாடுகளைப் பகலில் மேய்த்து இரவில் ஒரு வயலில் அடைக்கிறார்கள். இத்தனை இரவுக்கு இவ்வளவு பணம் அல்லது நெல் என்று பேச்சு. அடுத்தடுத்த இரவுகளில் கிடை இடம் மாறி வயல் முழுதும் மிதிபடுகிறது. தொழுவத்தில் கட்டிய மாட்டின் சாணம் குப்பைமேட்டுக்கு வரும், மூத்திரமோ தரையில் ஓடி வீணாகும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு அந்த மூத்திரத்தில்தான் இருக்கிறது. கிடையில் அது நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. ஆனால் உழாமல் வெயிலில் விட்டுவிட்டால் அமோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். ஆகவே கிடை எழுந்ததும் கோடை மழை ஒன்று பெய்து ஏர் பூட்ட வாய்த்தவர் பாக்கியசாலி.

இன்று மேய்ச்சல் தரிசெல்லாம் மனைகளாகவும் சீமைக் கருவேலங் காடாகவும் மாறிவிட்டன. புல்லற்ற கோடையில் இனிப்புமிக்க அந்தக் கருவேலங் காய்களைத் தின்றே கிடைமாடு உயிர் தரிக்கிறது. கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வந்து, வயலில் விழுந்து, முதல் மழையில் முளைக்கின்றன. கிடை போட்டவர், பயிருக்குள் தலைகாட்டும் அந்த முட்கன்றுகளைப் பிடுங்கும் கூலியையும் எருவின் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.