புதுக் கணினிக்கு மேலதிக நினைவகம் தேவையா?

மகள் இந்த முறை செஜெப் போகிறாள். வீட்டில் இருந்த மடிக்கணினி 2016இல் வாங்கியது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. வின்டோஸ் 11ஐ அந்தப் பழசு ஏற்காது. ஆகவே புதிது வாங்கத்தான் வேண்டும்.

கடையில் நின்றது எங்கட பொடியன். "அண்ணை, எட்டு ஜிபி காணாது, பதினாறு எடுங்கோ" என்றான். வித்தியாசம் 200 டொலர். மத்திய வரி 5 வீதம், கியூபெக் வரி 9.975 வீதம் என்று பார்த்தால் கையில் இருந்து போவது 230 டொலர். யோசிச்சுச் சொல்லுறன் தம்பி என்று விட்டு வந்துவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். படங்களும் கடிதங்களும் இருக்கும் இடம் சேமிப்பகம். அது வீட்டின் களஞ்சிய அறை போல. ராம் என்கிற நினைவகம் குசினியில் மரக்கறி வெட்டுகிற மேசை. மேசை சின்னதென்றால் ஒவ்வொரு சாமானையும் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவர வேண்டும். கணினியும் அதைத்தான் செய்கிறது. நாங்கள் "இழுபடுது" என்கிறோம்.

எவ்வளவு தேவை என்பதைப் பழைய கணினியிடமே கேட்கலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் ராஸ்க் மனேஜர் திறக்கும். அதில் 'மெமரி' என்ற இடத்தில் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். (பிரெஞ்சு வின்டோஸ் என்றால் 'மெமுவார்' என்றிருக்கும்.) வீட்டில் எல்லா வேலையும் ஓடுகிற இரவு நேரத்தில் பாருங்கள். மகள் சூம் வகுப்பையும் பிரெஞ்சுக் கட்டுரையையும் இருபது இணையப் பக்கங்களையும் திறந்து வைத்திருந்தபோது 8இல் 7க்கு மேல் போயிருந்தது. அவளுக்குக் காணாதுதான்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருக்கும் அக்காவின் கதை வேறு. அவவும் "ராம் போட வேணும்" என்றுதான் கூப்பிட்டா. போய்ப் பார்த்தால் நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் எந்நேரமும் நூறு வீதம். உள்ளே சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் ஊருக்கு வட்ஸ்அப்பில் கதைக்க இப்போது ஒரு குறையும் இல்லை. அவ நினைவகம் வாங்கியிருந்தால் காசு வீண்.

வின்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. கணினி எழும்ப அது போதும், வேலை செய்ய அல்ல. 32 ஜிபி பெரிய வீடியோ தொகுக்கிறவர்களுக்கு. முன்பு மகன் கேட்டான் என்று அவ்வளவும் போட்டுக் கொடுத்தேன். பாதியை அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

"இப்ப குறைவாக வாங்கு, பிறகு மலிவாகப் போடலாம்" என்பது எங்கள் ஆட்கள் வழமையாகச் சொல்லும் புத்தி. பல காலம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் கூடுதல் விலை கொடுப்பதால் அவை உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியுள்ளன. 2025 பிற்பகுதியில் இருந்து கடை விலை ஏறியது. வீட்டுப் பாவனையாளருக்கான 'குறூசியல்' விற்பனையையே கைவிடுவதாக மைக்ரோன் டிசம்பரில் அறிவித்தது. பொறுத்தால் மலியும் என்று இப்போது நம்பி இருக்க முடியாது.

அதைவிட, பிறகு போட இடமே இல்லாத கணினிகள் பல. அப்பிள் மக்புக்குகளிலும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும் நினைவகம் பலகையோடு ஒட்டியே வருகிறது. விற்பவரிடம் "எத்தனை ஸ்லொட், எத்தனை வெறுமை?" என்று கேளுங்கள். ஸ்லொட் இருந்தால் 8 ஜிபியோடு தொடங்கலாம். பழையதில் இருந்து கழற்றிப் போடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். டிடிஆர்4 துண்டு டிடிஆர்5 ஸ்லொட்டில் பொருந்தாது.

மகள் விரும்பியதில் ஸ்லொட் இல்லை. பதினாறே எடுத்தோம். காசு கட்டும்போது மேலதிக உத்தரவாதம் ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்கள். கியூபெக் நுகர்வோர் சட்டப்படி பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். மேலதிக உத்தரவாதம் விற்க முன்னர் அந்தச் சட்ட உத்தரவாதத்தைப் பற்றி வணிகர் எங்களுக்குச் சொல்ல வேண்டும். அதை நான் கேட்டதும் பொடியன் சிரித்துக்கொண்டு தாளை எடுத்து நீட்டினான். அந்த உத்தரவாதத்தை வேண்டாம் என்று விட்டோம். மிஞ்சிய காசு நினைவகத்துக்கான கூடுதல் விலையில் பெரும்பங்கைச் சரிக்கட்டியது.