மாரியும் மீனும்: யாழ்ப்பாணக் கடனீரேரியில் உவர்ப்பும் குளிர்ச்சியும்

கடல்நீர் உவர்ப்பானது என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆயினும், அவ்வுவர்ப்பு எங்கும் எக்காலத்தும் ஒரே அளவினதன்று. ஆழ்கடலில் ஆயிரம் பங்கு நீரில் ஏறக்குறைய 35 பங்கு உப்பு உளது. அவ்வளவு ஆண்டு முழுவதும் பெரிதும் வேறுபடுவதில்லை. கரையை அடுத்த ஆழங்குறைந்த நீர்நிலைகளிலோ, வெயிலும் மழையும் அதனை வெகுவாக ஏற்றியும் இறக்கியும் விடுகின்றன. அந்நீரில் வாழும் மீன்களின் வரவும் போக்கும், அவற்றை நம்பியுள்ள மக்களின் வாழ்வும் இவ்வேற்றத்தாழ்வோடு பிணைந்துள்ளன. யாழ்ப்பாணக் கடனீரேரி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் பிரித்துக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பு சதுரக் கிலோமீற்றரிற் பல நூற்றைத் தன்னுள் அடக்குவது. எனினும் இதன் பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழத்தை மிஞ்சாது. மேற்கே தீவுகளினிடையே கடலோடு கலக்கின்றது. கிழக்கே ஆனையிறவுக்கு அப்பால் ஒடுங்கிச் சுண்டிக்குளம் வரை செல்கின்றது. சோளகக் காற்று வீசும் கோடைத் திங்களில் நீர் ஆவியாகி, உப்பு எஞ்சுகின்றது. கிழக்குப் பகுதியில் உவர்ப்புக் கடலினும் மிகுந்து, பல இடங்களில் தரை வெளுத்துத் தோன்றும். ஆனையிறவில் உப்பளம் அமைந்தமைக்கு இவ்வியல்பே காரணமாகும்.

ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறுகின்றது. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒற்றோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்துவிடுகின்றது. வழுக்கியாறு பெருகி அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடைகின்றது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கிழக்குப் பகுதியில் வந்து விழுகின்றது. உவர்நீர் சில வாரங்களில் ஐதாகின்றது. அதே வேளையில் வாடைக்காற்று நீரைக் குளிர்விக்கின்றது. வைகாசியில் 30 பாகை செல்சியசை அண்மி நிற்கும் சராசரி வளிவெப்பநிலை தை மாதத்தில் 25, 26 பாகைக்கு இறங்குகின்றது. ஆழமற்ற நீர் வளியின் வெப்பத்தை விரைவிற் பின்பற்றுமாதலின், கடனீரேரி திறந்த கடலினும் முந்திக் குளிர்கின்றது.

இம்மாற்றம் மீனின் உடலை எவ்வாறு தாக்குகின்றது? கடல்வாழ் என்புமீனின் குருதியிலுள்ள உப்பு, கடல்நீரிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாகும். ஆகவே பிரசாரணத்தால் அதன் உடல்நீர் இடையறாது வெளியே இழுக்கப்படுகின்றது. இவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைப் பருகி, மிகையான உப்பைப் பூக்கள் எனப்படும் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றது. சுற்றியுள்ள நீர் மிக ஐதானால் இச்செயல் தலைகீழாதல் வேண்டும். நீர் உட்புகும், உப்பு வெளியேறும். மடவை, கொடுவா, பாலைமீன் போன்றவை இவ்விரு நிலைக்கும் தம்மை மாற்றிக்கொள்ள வல்லவை. அவ்வாற்றலற்ற மீன்கள் உவர்ப்பு மிக்க ஆழமான ஓடைகளுக்கோ திறந்த கடலுக்கோ விலகுகின்றன. காற்று ஓய்ந்த வேளையில் மழைநீர் பாரங்குறைந்ததாய் மேலே மிதக்க, உவர்நீர் அடியிலே தங்குவதால், மீனும் அடியை நாடும்.

குளிர்ச்சியின் விளைவு வேறு. மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைத் தொடர்வது. நீர் குளிர்ந்தால் அதன் உணவுத்தேவையும் இயக்கமும் குறைகின்றன. ஆனால், குளிர்ந்த நீரும் உவர்ப்புக் குறைந்த நீரும் மிகுதியான ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க வல்லவை. கோடை வெயிலிற் சூடேறிய கரையோரங்கள் மாரியில் மீண்டும் மீன் உலாவுதற்கு ஏற்றனவாகின்றன. மழைவெள்ளம் நிலத்திலிருந்து கொணரும் போசணைப் பொருள்கள் நுண்ணிய மிதவையுயிர்களை வளர்க்க, அவற்றை உண்ணும் சிறுமீன்களும் அவற்றைத் தொடரும் பெருமீன்களும் பெருகுகின்றன.

இப்பருவ மாற்றத்தை இறாலின் வாழ்க்கையில் மிகத் தெளிவாகக் காணலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகின்றது. குடம்பிகள் வளர்ந்து ஒரு சென்ரிமீற்றர் அளவான இளங்குஞ்சுகளாகிக் கடனீரேரியுட் புகுந்து, கடற்புற்களினிடையே சில திங்கள் வளர்கின்றன. முதிருமுன் மீண்டும் கடலை நாடுகின்றன. பெருமழையால் உவர்ப்புக் குறைவது இவ்வெளியேற்றத்தைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. அவுஸ்திரேலியாவின் காப்பென்ராறியா வளைகுடாவில், மழை மிகுந்த ஆண்டுகளில் ஓரின இறாலின் பிடிபாடு மிகுவது ஆராய்ச்சியால் நிறுவப்பட்டுள்ளது. இறால் பெரும்பாலும் இரவில், வற்றுநீரோட்டத்தோடு வெளியேறும். நீர்ப்பாதையிற் கம்புகளை நட்டுக் கட்டப்படும் சிறகுவலைகள் இவ்வோட்டத்தை எதிர்கொள்ளவே அமைந்தன. மீனைத் தேடிச் செல்லாது அது வரும் வழியிற் காத்திருக்கும் இம்முறை, நீரின் இயல்பை நெடுங்காலம் நோக்கியறிந்தோர் கண்ட முறையாகும்.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், கடனீரேரிக்கு வேண்டுவது நிலையான உவர்ப்புமன்று, நிலையான நன்னீருமன்று. உரிய காலத்து மாற்றமும், வந்து போவதற்குத் திறந்த வாயிலுமே என்பதாம். இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. குடாநாட்டின் கிணறுகள் உவராவதைத் தடுக்கக் கருதி, பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு வாயிலை அடைத்துக் கிழக்குக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரை முள்ளியன் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். வேலைகள் தொடங்கப்பெற்றும் அக்காலத்தில் முற்றுப்பெறவில்லை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமைந்த கதவணைகளும் கடல்நீரைத் தடுத்து மழைநீரைக் காக்கும் நோக்குடையவையே.

நன்னீர் வேண்டும் உழவனின் கோரிக்கை நியாயமானது. இறாற்குஞ்சு உட்புகும் வாயில் அடைபட்டால் வலை வெறுமையாகும் என்னும் கடற்றொழிலாளியின் அச்சமும் நியாயமானதே. ஒன்றை வென்று மற்றொன்றைத் தோற்கவிடுவது தீர்வாகாது. கதவு எப்போது திறத்தல், எப்போது அடைத்தல் என்பதை மழையளவு, உவர்ப்பளவு, இறாலின் வரவு ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் அளந்தறிந்து முடிவு செய்தல் வேண்டும். உவர்ப்பை அளப்பதற்கு வேண்டிய கருவி எளியது. கல்லூரி ஆய்வுகூடத்திலும் அதனைக் கையாளலாம். கரையோர ஊர்களின் மாணவர் இவ்வளவைகளைத் தொடர்ந்து குறித்து வருவாராயின், அவை உழவர்க்கும் மீனவர்க்கும் ஒருங்கே பயன் தரும் அறிவாகும்.