அலையாத்தியும் பிடில் நண்டும்: சேத்துக்குள்ள மூச்சு விடுறது எப்படி?

மரத்தையும் நண்டையும் எதுக்குங்க ஒப்பிடணும்னு கேட்பீங்க. ரெண்டுக்கும் பிரச்சினை ஒண்ணுதான்: காத்து.

தொண்டிக்குப் பக்கத்துல இருக்கிற காரங்காட்டுக்குப் போனா, வனத்துறை படகுல அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம். அங்க சேத்தைக் கொஞ்சம் கிளறுங்க. மேல பழுப்பு, கீழ கருப்பு, அழுகின முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்பைடு. மண்ணோட இடுக்கெல்லாம் தண்ணி நிறைஞ்சிருக்கு. இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பாக்டீரியா தின்னுடுது. அதுல வேர் விட்டு நிக்கணும்!

அலையாத்தி என்ன செய்யுதுன்னா, வேரை மேல்நோக்கி அனுப்புது. பென்சில் நட்டு வச்ச மாதிரி இருக்கும் அந்த மூச்சுவேர்கள்ல நுண்ணிய துளைகள் உண்டு. கடல் இறங்கினதும் காத்து உள்ள போய், பஞ்சு மாதிரியான திசு வழியா அடிவேர் வரைக்கும் இறங்கும்.

நண்டு வேற வழி. செவுளை ஈரமா வச்சுக்கிட்டு வெளிக்காத்தையே சுவாசிக்கும். ஆபத்துன்னா வளைக்குள்ள ஓடிடும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் ராட்சச சைஸ். அது பெண்ணைக் கூப்பிடவும் சண்டை போடவும்தான், சாப்பிட உதவாது. பெண்ணுக்கு ரெண்டு கரண்டி, ஆணுக்கு ஒண்ணு, பாவம்!

ஆனா முக்கியமான விஷயம் அந்த வளை. நண்டு தோண்டத் தோண்ட, கருஞ்சேத்துக்குள்ள காத்து இறங்குது. ஆஸ்திரேலியாவுல வேறொரு வகை கண்டல் காட்டுல நண்டுகளை அகற்றிப் பார்த்தாங்க. 1991ல் அந்த ஆய்வு வெளியாச்சு. மண்ணுல சல்பைடு கூடுச்சு, மரத்தோட வளர்ச்சி குறைஞ்சது.

பாக் விரிகுடாவுல கடல் ஏறி இறங்குற உயரமே கம்மி. அதனால சின்னக் கரை, ஒரு ரோடு போதும், தண்ணி வந்து போறது நின்னுடும். தேங்கின தண்ணியில மூச்சுவேர் நாள்கணக்கா மூழ்கிக் கிடந்தா மரம் செத்துடும். நண்டாவது இடம் மாறலாம், மரத்துக்குக் கால் இல்லையே.

அதனால, எத்தனை ஆயிரம் கன்று நட்டோம்ங்கிற கணக்கை நான் பெருசா எடுத்துக்கிறதில்ல. நட்ட இடத்துல வளை இருக்கா, அதைத்தான் பார்ப்பேன். நீங்களும் கடல் இறங்கின நேரமாப் பார்த்துப் போங்க. மூச்சுவேரை மிதிக்காம, அஞ்சு நிமிஷம் அசையாம நில்லுங்க. நண்டு இருந்தா தானா வெளிய வரும்.