இலவசமாகக் கொடுத்தால் குற்றமா?

பிரவுசிங் சென்டர்கள் பெருகியிருந்த நாட்களில், என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வந்த ஒருவரிடம் பிரவுசர் என்றால் என்ன என்று கேட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்த நீல நிற "இ" ஐகானைக் காட்டி, "இதுதானே சார் இன்டர்நெட்!" என்றார். அவர் மீது தவறில்லை. வேறு பிரவுசரை அவர் பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

1994 டிசம்பரில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் அன்று பலரும் விரும்பிய பிரவுசர். 1995ல் மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கொண்டு வந்தது; அதை இலவசமாக விண்டோஸுடன் சேர்த்தும் தந்தது. பிரவுசரிலேயே எல்லா புரோகிராம்களும் இயங்கத் தொடங்கினால் விண்டோஸின் தேவை குறைந்துவிடுமே என்ற அச்சம்தான் காரணம்.

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித் துறையும் 20 மாநிலங்களும், 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தன.

பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமா? இல்லை. நல்ல பொருளைத் தந்து சந்தையைப் பிடிப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. ஊரில் உள்ள ஒரே அரிசிக் கடைக்காரர், அரிசியுடன் பருப்பை இலவசமாகத் தரலாம். ஆனால் "என் பருப்பை எடுத்துவிட்டு வேறு பருப்பை வைத்தால் அரிசியே கிடையாது" என்று மிரட்டினால்? 1996ல் காம்பேக் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களில் எக்ஸ்புளோரர் ஐகானை நீக்கியது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்றது மைக்ரோசாப்ட். ஐகான் திரும்ப வந்தது. இன்டெல் வகை கம்ப்யூட்டர்களில் 95 சதவீதத்திற்கு மேல் விண்டோஸ் இருந்த காலத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்பீல்ட் ஜாக்சன், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் சட்டவிரோத வழிகளில் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது உண்மையே என்றது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் வேறு பிரவுசர்களையும் முன்னிறுத்த உரிமை பெற்றனர்.

நமக்கு இலவசமாகத்தானே கிடைத்தது, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001ல். அடுத்த பதிப்பான 7 வந்தது 2006ல்! போட்டியாளர் ஓய்ந்த பின் ஐந்து ஆண்டுகள் நம்மைக் காக்க வைத்தார்கள். நடுவில் 2004ல் பயர்பாக்ஸ் 1.0 வந்த பிறகுதான் மீண்டும் வேகம் பிறந்தது. பணத்திற்குப் பதிலாக நாம் கொடுத்த விலை இதுதான்.

இந்தக் கதை மைக்ரோசாப்ட்டுடன் முடியவில்லை. பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடுதளமே முதலில் இருப்பதற்காக கூகுள் 2021ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. தேடலில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்ட்ராய்டு தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஒரு தேடுதளம் முதலில் நிற்பதற்கு இவ்வளவு பணம் ஏன்? நம்மில் பெரும்பாலோர் செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரிலும் போனிலும் டீபால்ட் பிரவுசர், தேடுதளம் எவை என்று பாருங்கள். பழையதே பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆனால் அது நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.