தலைக்கு மேலே 200 அடியில்!

அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன். அங்கே ஒரு குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இருக்கும். திடீர் என்று ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். மேஜை மீது உள்ள தண்ணீர் நடுங்கும்!

குழந்தைகள் வாசலுக்கு ஓடுவார்கள். பெரியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். "ராணுவ ஹெலிகாப்டர் போகிறது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள். அவ்வளவு பழக்கம்!

2017 முதல் 2019 வரை 3 ஆண்டுகளில், அந்த நகர விமான நிலையத்தைச் சுற்றி 30 மைல் தூரத்துக்குள் ஹெலிகாப்டர்கள் சுமார் 88 ஆயிரம் தடவை பறந்தன. அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கு இது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள்.

வெள்ளை உச்சி

இந்த ஹெலிகாப்டர்களை அடையாளம் கண்டுபிடிப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. படம் பிடித்து, நேரத்தைக் குறித்து, ஒருவருக்கு ஒருவர் அனுப்பிக் கொள்கிறார்கள்.

பச்சை உடல், வெள்ளை உச்சி என்றால் அது ஜனாதிபதியின் படைப்பிரிவு. ஒன்றாக வராது. ஒரே மாதிரி இரண்டு மூன்று சேர்ந்து வரும். நடுவழியில் இடம் மாறிக் கொள்ளும். எதில் ஜனாதிபதி இருக்கிறார் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது அல்லவா? ஜனாதிபதி ஹெலிகாப்டரில் போகும் வழக்கத்தை 1957-ல் தொடங்கி வைத்தவர் ஐசனோவர்.

கரும்பச்சையாக, நீண்ட உடலும் நான்கு இறக்கையும் கொண்டது "பிளாக் ஹாக்". ராணுவத்தின் உழைக்கும் மாடு அது. "ஹூயி" என்ற பழைய ஹெலிகாப்டரைப் பார்க்கவே வேண்டாம். அதற்கு இரண்டே இறக்கை. டப் டப் என்று காற்றை அடிக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "நான் இங்கே இருக்கிறேன்" என்று தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ரேடியோ கருவி விமானங்களில் இருக்கிறது. அதை வைத்து, கைபேசியில் கூட விமானம் போகும் வழியைப் பார்க்கலாம். ஆனால், ராணுவ ஹெலிகாப்டர்கள் பல சமயம் அந்தக் கருவி வேலை செய்யாமலே பறந்தன. அப்போது கண்தான் சாட்சி!

ஆறுதான் சாலை

ஹெலிகாப்டர் நினைத்தபடி போக முடியாது. ஜனாதிபதி மாளிகைக்கு மேலும், பாராளுமன்றக் கட்டடத்துக்கு மேலும் பறக்கத் தடை. ஆகவே வானத்தில் பாதை வகுத்து, வரைபடத்தில் எண் போட்டு இருக்கிறார்கள். விமானி கீழே பார்த்து வழி தெரிந்து கொள்ள வேண்டும். அதனால் பாதைகள் ஆற்றையும், பாலங்களையும், பெரிய சாலைகளையும் ஒட்டிப் போகின்றன.

பொடோமாக் ஆற்றின் மீது வடக்கே இருந்து வருவது 1-ம் எண் பாதை. அதில் இருந்து 4-ம் எண் பாதைக்கு மாறித் தெற்கே போக முடிந்தது, 2025 மார்ச் வரை. அந்தப் பாதையில் விமான நிலையத்துக்கு எதிரே 200 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்று விதி இருந்தது. வாஷிங்டன் நினைவுத் தூணின் உயரம் 555 அடி. அதில் பாதி கூட இல்லை!

ஏன் இவ்வளவு தாழ்வாக? மேலே பிரயாணி விமானங்கள் இறங்கி வருகின்றன. அவற்றுக்கு அடியில் நுழைந்து போக வேண்டி இருந்தது.

அந்த இரவு

2025 ஜனவரி 29. மணி இரவு 8-45 தாண்டிவிட்டது. கான்சாஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரில் இருந்து ஒரு விமானம் வந்து கொண்டு இருந்தது. அதில் 64 பேர். பனிச்சறுக்கு ஆட்டம் பயிலும் சிறுவர் சிறுமிகள், பயிற்சி முடிந்து, பெற்றோருடன் வீடு திரும்பிக் கொண்டு இருந்தார்கள்.

வேறு ஓடுபாதையில் இறங்க முடியுமா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து கேட்டார்கள். விமானி சம்மதித்தார். அந்த ஓடுபாதைக்கு ஆற்றைக் குறுக்கே கடந்து வர வேண்டும். அதே நேரத்தில் ஆற்றின் மீது ஒரு பிளாக் ஹாக். அதில் 3 பேர். விமானம் தெரிகிறது என்று அவர்கள் சொன்னார்கள்.

சுமார் 300 அடி உயரத்தில் இரண்டும் மோதின! குளிர்ந்த ஆற்றில் விழுந்தன. 67 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இடைவெளி 75 அடி

விசாரணையில் வந்த செய்தி இன்னும் பயங்கரம். ஹெலிகாப்டர் 200 அடியில், ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி, ஒழுங்காகவே பறந்தாலும், அந்த ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே 75 அடி இடைவெளிதான் இருக்கும்!

2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த விமான நிலையத்தின் அருகே விமானமும் ஹெலிகாப்டரும் நெருங்கி வந்த சம்பவங்கள் 15,214. அவற்றில் 85 தடவை மிக மிக நெருக்கம். இந்தக் கணக்கு எல்லாம் விபத்துக்கு முன்பே அரசாங்க ஏடுகளில் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2025 மார்ச்சில், விமான நிலையத்துக்கு எதிரே உள்ள பகுதியில் 4-ம் எண் பாதையை மூடிவிட்டார்கள். அவசர வேலையாக ஹெலிகாப்டர் போனால், அது கடக்கும் வரை விமானம் காத்திருக்க வேண்டும்.

ஊமை டெலிபோன்

இத்துடன் முடியவில்லை. மே 1-ந் தேதி ஒரு பிளாக் ஹாக், "பென்டகன்" என்ற ராணுவத் தலைமையகத்தில் இறங்கப் போனது. அதனால் இரண்டு பிரயாணி விமானங்கள் தரை இறங்காமல் மேலே கிளம்ப வேண்டியதாயிற்று.

பென்டகனுக்கும் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நேரடி டெலிபோன் ஒன்று உண்டு. அது 2022 மார்ச் மாதம் முதல் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே 2 மைல் தூரம் கூட இல்லை!